ஒரே ஒரு சுற்று நேரத்தை நம்பாதீர்கள்: செப்பாங்கில் ஸ்போர்ட்ஸ் காரையும் ஹாட் ஹேட்ச்பேக்கையும் ஒப்பிடும் முறை

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தீபாவளியன்று, கிள்ளானில் என் மாமனார் வீட்டு வாசலில் இரண்டு கார்கள் அருகருகே நின்றன. ஒன்று என்னுடைய டொயோட்டா ஜிஆர்86, பின்சக்கர இயக்கமுள்ள ஸ்போர்ட்ஸ் கார். மற்றொன்று என் மைத்துனர் அப்போதுதான் வாங்கியிருந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர், எஃப்எல்5 என்ற புதிய தலைமுறை. அது முன்சக்கர இயக்கமுள்ள ஹாட் ஹேட்ச்பேக், அதாவது வேகத்துக்காகச் சக்தி கூட்டிய குடும்பக் கார். முறுக்கைக் கடித்துக்கொண்டே தொடங்கிய பேச்சு, எது வேகமான கார் என்ற வாக்குவாதத்தில் போய் நின்றது. அடுத்த மாதமே மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் பொதுமக்களுக்கான ஒரு காலை அமர்வுக்கு இருவரும் பணம் கட்டினோம். அவர் ஒரு நல்ல சுற்று ஓட்டினார், நானும் ஒன்று ஓட்டினேன். அவருடைய நேரம் பத்து வினாடிக்கும் மேல் குறைவாக இருந்தது. “அத்தான், இனி பேச்சே வேண்டாம்” என்றார்.

பேச்சு அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். அவர் அதற்கு முந்தைய வாரம்தான் பாதி பந்தய டயர் என்று சொல்லத்தக்க, தடத்துக்கென்றே செய்யப்பட்ட டயர்களை மாட்டியிருந்தார். என் காரில் கம்பெனியிலிருந்து வந்த டயர், அதுவும் பாதி தேய்ந்தது. அவர் ஓட்டியது காலை ஒன்பது மணிக்கு, நான் ஓட்டியது பதினொன்றரைக்கு. அந்தப் பத்து வினாடியில் காருக்கு எவ்வளவு, டயருக்கு எவ்வளவு, வெயிலுக்கு எவ்வளவு, ஓட்டுநருக்கு எவ்வளவு என்று இருவருக்குமே தெரியாது. அதன்பின் மூன்று முறை போய், நிதானமாக ஒப்பிட்டுப் பார்த்தோம். அந்த மூன்று முறையில் கற்றுக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் கார்களை வைத்துச் சொன்னாலும் மஸ்டா எம்எக்ஸ்-5, ஜிஆர் யாரிஸ், கோல்ஃப் ஜிடிஐ என்று எந்த இரண்டை எடுத்தாலும் முறை இதுவே.

முதலில், வெளியான நேரங்களைப் படிக்கும் விதம்

ஒப்பீட்டில் இறங்கும் எல்லோரும் முதலில் பார்ப்பது ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்து நேரங்களைத்தான். அங்கேயே ஒரு பள்ளம் இருக்கிறது. 2017இல் பழைய டைப் ஆர் (எஃப்கே8) 7 நிமிடம் 43.80 வினாடியில் சுற்றியது. 2023இல் புதிய எஃப்எல்5 எடுத்தது 7 நிமிடம் 44.881 வினாடி. புதிய கார் பழையதைவிட மெதுவாகிவிட்டதா? இல்லை. பழைய நேரம் 20.6 கிலோமீட்டருக்கு எடுத்தது, புதியது 20.832 கிலோமீட்டருக்கு எடுத்தது. தொடக்கக் கோட்டருகே உள்ள ஒரு சிறு துண்டை முன்பு கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த 232 மீட்டருக்கு ஆகும் நேரம் எவ்வளவு என்பதற்கு ரெனோ மெகான் ட்ரோஃபி-ஆர் என்ற ஹாட் ஹேட்ச்பேக் நல்ல சாட்சி. 2019இல் அதற்கு இரண்டு நேரங்களையும் அறிவித்தார்கள்: குறுகிய அளவில் 7:40.100, முழு அளவில் 7:45.389. ஐந்து வினாடிக்கும் மேல் வேறுபாடு. இதைப் பார்க்காமல் இரண்டு எண்களை அருகருகே வைத்து முடிவு சொல்லுபவர்களைக் கண்டால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. அந்தக் கார்களை உருவாக்கியவர்களின் ஆண்டுக்கணக்கான உழைப்பைத் தவறான தராசில் வைக்கிறார்கள்.

இன்னொன்று, அந்த 2023 ஓட்டத்தில் கார் அணிந்திருந்தது தடத்தை மனதில் வைத்துச் செய்த மிஷலின் கப் 2 வகை டயர். கடையிலிருந்து வீட்டுக்கு வரும் டைப் ஆரில் இருப்பது பைலட் ஸ்போர்ட் 4எஸ் என்ற சாலை டயர். ஆகவே அந்த நேரத்தை உங்கள் காரின் நேரமாக நினைக்காதீர்கள்.

ஜப்பானின் சுசூகா தடத்து நேரங்களை நான் சற்றுக் கூடுதலாக நம்புகிறேன். 5.807 கிலோமீட்டர், மாறாத அளவு. 2020இல் எஃப்கே8இன் எடை குறைத்த சிறப்புப் பதிப்பு 2:23.993, 2022இல் எஃப்எல்5 2:23.120. ஒரே நிறுவனம், ஒரே தடம். தலைமுறைக்குத் தலைமுறை என்ன மாறியது என்பதற்கு இது பயன்படும். உங்கள் ஜிஆர்86உடன் ஒப்பிட இது எதற்கும் உதவாது.

காகிதத்தில் போட வேண்டிய ஒரு கணக்கு

தடத்துக்குப் போகும் முன் அரைமணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். எங்கே எந்தக் கார் முந்தும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால், தடத்தில் எதைக் கவனிப்பது என்று தெரியும்.

எல்லோரும் போடுவது குதிரைத்திறனை எடையால் வகுக்கும் கணக்கு. ஜிஆர்86: ஏறத்தாழ 235 பிஎஸ், 1,280 கிலோ, டன்னுக்கு 184. டைப் ஆர்: ஏறத்தாழ 320 பிஎஸ், 1,430 கிலோ, டன்னுக்கு 224. நேர்பாதையில் யார் முந்துவார் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது. முறுக்குவிசையும் 250க்கு எதிராக 420 நியூட்டன் மீட்டர்.

நான் கூடுதலாகப் போடுவது டயர்க் கணக்கு. ஜிஆர்86இல் நான்கும் 215 மில்லிமீட்டர் அகலம். டைப் ஆரில் நான்கும் 265. மொத்த எடையை மொத்த அகலத்தால் வகுத்தால், ஜிஆர்86இல் ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்றரைக் கிலோ, டைப் ஆரில் 1.35 கிலோ. கனமான கார்தான் தன் டயருக்குக் குறைவான சுமை தருகிறது! ஹேட்ச்பேக் வளைவில் தோற்றுவிடும் என்று நினைத்திருந்த எனக்கு முதல் அதிர்ச்சி இந்தக் காகிதத்தில்தான் கிடைத்தது. ஆனால் அதே கணக்கை முன், பின் எனப் பிரித்துப் போடுங்கள். ஜிஆர்86இன் எடை நூற்றுக்கு முன்னால் 53 பங்கு, பின்னால் 47. டைப் ஆரில் முன்னால் ஏறத்தாழ 62 பங்கு. இப்போது முன் டயருக்கு மில்லிமீட்டருக்கு 1.58 எதிர் 1.67 என்று ஆகிறது. பின் டயரில் 1.40 எதிர் 1.03. டைப் ஆரின் முன் டயர்கள் கூடுதல் சுமையைத் தாங்குவதோடு காரை இழுக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும், பிரேக்கின் பெரும்பங்கை ஏற்கவும் வேண்டும். அதன் பின் டயர்கள் ஒப்பீட்டில் ஓய்வாக உருள்கின்றன. முதல் சுற்றிலும் ஆறாம் சுற்றிலும் அந்தக் கார் ஏன் வெவ்வேறு கார்களைப் போல நடந்துகொள்கிறது என்பதன் வேர் இதுதான்.

பிரேக்குக்கும் ஒரு கணக்கு உண்டு. செப்பாங்கின் இரண்டு நீள நேர்பாதைகளையும் 15ஆம் வளைவு என்ற கொண்டை ஊசி இணைக்கிறது. பின் நேர்பாதையின் முடிவில் எங்கள் பதிவில் ஜிஆர்86 மணிக்கு 195 கிலோமீட்டரிலும் டைப் ஆர் 215இலும் வந்தன. இரண்டும் 75க்குக் குறைய வேண்டும். ஓட்டுநரையும் சேர்த்து இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால், ஜிஆர்86 இழக்க வேண்டியது 17 லட்சம் ஜூல், டைப் ஆர் 24 லட்சம் ஜூல். காற்றின் தடையும் இன்ஜினும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும், பெரும்பகுதி பிரேக் தட்டுகளுக்குத்தான் போகிறது. 24 லட்சம் ஜூல் என்றால் எட்டு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அதுவும் ஒரே ஒரு பிரேக்கிங்கில், சில வினாடிக்குள்.

இரண்டு கார்களையும் சமநிலைக்குக் கொண்டுவருதல்

டயரில் சமரசமே வேண்டாம். இரண்டு காருக்கும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகை டயர், ஏறத்தாழ ஒரே அளவு தேய்மானம். அளவு அந்தந்தக் காருக்கு உரியதாக இருக்கட்டும். 265 அகல டயரை மாட்டும் வசதி டைப் ஆரின் வடிவமைப்பில் உள்ளது, அது அதன் உரிமை. ரப்பர் மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பணம் இல்லையென்றால் இரண்டிலும் கம்பெனி டயருடனே ஒப்பிடுங்கள். ஆனால் அப்போது நீங்கள் ஒப்பிடுவது காரையும் டயரையும் சேர்த்துத்தான் என்று குறிப்பேட்டின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். முதல் தலைமுறை 86க்குக் கம்பெனி தந்தது 17 அங்குல மிஷலின் பிரைமசி, பயணக் காருக்கான டயர். கார் எளிதாக வழுக்கி விளையாட வேண்டும் என்ற நோக்கம் அதில் இருந்தது. அந்தக் கார் கம்பெனி டயரில் எடுத்த நேரத்தைப் பார்த்து அதன் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தைக் குறைசொல்வது அநியாயம்.

காற்றழுத்தத்தைச் சூடான நிலையில் சமப்படுத்துங்கள். காலையில் குளிர்ந்த டயரில் நான்கிலும் 29 பிஎஸ்ஐ வைத்து விட்டால் போதும் என்று முதல் முறை நினைத்தேன். நான்கு சுற்றுக்குப் பின் டைப் ஆரின் முன் இடது டயர் 38ஐத் தொட்டது. பின் டயர்கள் 33. செப்பாங்கின் 15 வளைவுகளில் பத்து வலப்பக்கம் திரும்புபவை. ஆகவே இடப்பக்க டயர்கள்தான் பாரம் சுமக்கும், அதிலும் முன்சக்கர இயக்கக் காரில் முன் இடது. சூடான நிலையில் நான்கும் எவ்வளவு இருக்க வேண்டும் என்று தீர்மானித்து, அதற்கேற்ப ஒவ்வொரு டயரிலும் காலையில் வெவ்வேறு அழுத்தம் வையுங்கள். இது பொறுமையான வேலை. முதல் அமர்வு முழுவதும் இதற்கே போகும், போகட்டும்.

பிரேக் திரவத்தை மாற்றாமல் தடத்துக்குள் போகாதீர்கள். இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். முதல் முறை என் காரில் இருந்தது இரண்டு ஆண்டுப் பழைய டாட் 4 தரப் பிரேக் திரவம். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சியபின் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? ஐந்தாம் சுற்றில் 15ஆம் வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தேன். மிதி பஞ்சுபோல உள்ளே போனது. இரண்டாம் முறை மிதித்து, கியரைக் குறைத்து, வளைவின் வெளி ஓரம் வரை அகன்று போய்த் திரும்பினேன். என் மனைவியும் மகளும் பார்வையாளர் பகுதியில் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த நாளின் மிச்ச அமர்வுகளை ரத்து செய்துவிட்டேன். தலைக்கவசம், மூடிய காலணி போன்றவற்றை நுழைவாயிலிலேயே பார்த்துவிடுவார்கள். திரவத்தை உங்களைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள். காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். சாதாரண வாகனக் காப்பீடு தடத்தில் நேரும் சேதத்தைப் பொதுவாக ஏற்பதில்லை.

எரிபொருள் அளவு இரண்டிலும் பாதித் தொட்டி. ஸ்பேர் சக்கரம், குழந்தை இருக்கை எல்லாம் வெளியே.

ஓட்டும் வரிசை

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். முதல் கார், இரண்டாம் கார் என்று ஓட்டி முடித்துவிடாதீர்கள். முதல் கார், இரண்டாம் கார், மீண்டும் முதல் கார். இதுதான் வரிசை. மூன்றாவது ஓட்டத்தில் முதல் காரின் நேரம் எவ்வளவு மாறியதோ, அவ்வளவு தடமும் வெயிலும் நீங்களும் மாறியிருக்கிறீர்கள் என்று பொருள். எங்களுக்கு ஒரு காலையில் அந்த மாற்றம் 1.4 வினாடி வந்தது. அப்படியானால் அன்றைக்கு ஒன்றரை வினாடிக்குக் குறைந்த எந்த வேறுபாட்டையும் வைத்து நாங்கள் வாதாட முடியாது.

இருவரும் இரண்டு காரையும் ஓட்ட வேண்டும். என் மைத்துனருக்கு முன்சக்கர இயக்கம் பழக்கம். வளைவுக்குள் பிரேக்கை மெல்ல விட்டுக்கொண்டே காரின் பின்பகுதியைத் திருப்புவது அவருக்குக் கைவந்த கலை. எனக்கு அது வர இரண்டு அமர்வுகள் ஆயின. என் காரில் அவர் முதலில் ஆக்சிலரேட்டரை மிகவும் தாமதமாகவே மிதித்தார். ஒருவரின் ஓட்டத்தை மட்டும் வைத்திருந்தால் அவரவர் பழக்கத்தைத்தான் அளந்திருப்போம்.

செப்பாங்கில் காலை முதல் அமர்வைப் பிடியுங்கள். பிற்பகல் மழை வரும் என்று நினைத்தே திட்டமிடுங்கள். 2009 ஃபார்முலா ஒன் பந்தயமே 31 சுற்றோடு மழையில் நின்றுபோன இடம் இது.

எதை அளப்பது

விநாடிக்குப் பத்து முறையாவது இடத்தைக் குறிக்கும் ஜிபிஎஸ் பதிவுக் கருவி ஒன்று போதும். கைப்பேசியின் உள்ளே உள்ளதை மட்டும் நம்ப வேண்டாம். கூடவே மிதிகளைப் பார்க்கும்படி ஒரு சிறு கேமரா. டயர் அழுத்தமானி, ஊசி வைத்த டயர் வெப்பமானி. இவ்வளவுதான்.

மொத்த நேரத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் தடத்தை நீங்களே துண்டுகளாக வெட்டுங்கள். நான் செப்பாங்கின் 5.543 கிலோமீட்டரில் நான்கு இடங்களை மட்டும் ஆழ்ந்து பார்க்கிறேன்.

5, 6ஆம் வளைவுகள்: இடம், வலம் என்று வேகமாக நீண்டு போகும் இணை. இங்கே சக்திக்குப் பெரிய வேலையில்லை, டயரின் பிடிப்புக்கும் காரின் சமநிலைக்கும்தான். இரண்டிலும் மிகக் குறைந்த வேகத்தை எடுத்து எழுதுங்கள். எங்கள் பதிவில் டைப் ஆர் ஜிஆர்86ஐவிட மணிக்கு நான்கு கிலோமீட்டர் கூடுதலாகக் கொண்டு போனது. என் காகிதக் கணக்கு உண்மையாகிவிட்டது. நெஞ்சு வலித்தாலும் ஒப்புக்கொண்டேன்.

9ஆம் வளைவு: மெதுவான இடப்பக்கக் கொண்டை ஊசி, வெளியேறும்போது மேட்டில் ஏற வேண்டும். முன்சக்கரக் காருக்கு இது கடுமையான தேர்வு. மேட்டில் எடை பின்னால் சாய்கிறது, இழுக்கும் சக்கரங்களோ முன்னால் இருக்கின்றன. கேமராவில் வலது காலைப் பாருங்கள்: ஆக்சிலரேட்டர் முழுதாகத் தரையைத் தொடும் இடம் எங்கே? டைப் ஆரின் முன் டிஃபரன்ஷியல், அதாவது இரு முன் சக்கரங்களுக்கும் சக்தியைப் பங்கிடும் பல்சக்கர அமைப்பு, உள்சக்கரம் சுழல்வதைப் பெருமளவு தடுக்கிறது. அப்படியிருந்தும் ஜிஆர்86இல் கால் ஏறத்தாழ 15 மீட்டர் முன்பே முழுதாக இறங்கிவிட்டது. அடுத்த அறுபது மீட்டர் வரை இரண்டும் சமமாகவே ஏறின. நான்கு சக்கர இயக்கமுள்ள ஜிஆர் யாரிஸை ஒப்பிடுபவர்கள் இந்த வளைவில்தான் அதன் உண்மையான லாபத்தைப் பார்ப்பார்கள்.

14ஆம் வளைவு: வலப்பக்கம் திரும்பிக்கொண்டே பிரேக் போட வேண்டிய இடம். எண்ணைவிட உங்கள் கைகளைக் கவனியுங்கள். ஸ்டீயரிங்கை எத்தனை முறை திருத்தினீர்கள் என்று வீடியோவில் எண்ணுங்கள்.

15ஆம் வளைவு: 2016 மறுசீரமைப்புக்குப் பின் உட்புறம் உயர்ந்து, கார் வெளியே சரியப் பார்க்கும். இங்கே ஒரு கிலோமீட்டர் வேகம் தவறினாலும் முன் நேர்பாதை முழுக்க அதற்கு வட்டி கட்ட வேண்டும்.

நேர்பாதைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றரை வினாடி அந்த இரண்டிலிருந்தே வந்தது.

சூடு

நம் வெப்பத்தைத் தனி அளவையாக எடுத்துக்கொள்ளாவிட்டால் ஒப்பீடு ஐரோப்பியப் பத்திரிகையின் நகலாகிவிடும். 15 டிகிரி காற்றைவிட 35 டிகிரி காற்று ஆறேழு சதவீதம் அடர்த்தி குறைந்தது. டர்போ இல்லாத ஜிஆர்86 அந்த இழப்பை முதல் சுற்றிலேயே செலுத்திவிடுகிறது. அதன்பின் பெரிதாக மாறுவதில்லை. டர்போ இன்ஜின் கூடுதல் அழுத்தம் கொடுத்து முதலில் ஈடுகட்டிக்கொள்கிறது. ஆனால் சுற்றுக்குச் சுற்று, டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலர் சூடாக, உள்ளே போகும் காற்றும் சூடாக, இன்ஜினைக் காப்பதற்காகக் கணினி சக்தியைச் சற்றே பிடித்துக்கொள்கிறது. எஃப்எல்5இன் பானட்டில் சூடு வெளியேற ஒரு திறப்பு வைத்திருப்பது அழகுக்காக இல்லை.

ஆகவே குளிர்விக்கும் சுற்று இல்லாமல் தொடர்ந்து ஆறு சுற்று ஓட்டுங்கள். ஒவ்வொன்றையும் எழுதுங்கள். எங்கள் கடைசிக் காலையில், ஒரே வகை டயருடன், இரண்டாம் சுற்றில் டைப் ஆர் 8.4 வினாடி முந்தியது. ஆறாம் சுற்றில் 6.1. ஜிஆர்86இன் நேரம் அந்த நேரம் முழுவதும் அரை வினாடிக்குள்ளேயே நின்றது. டைப் ஆர் இழந்ததில் பெரும்பகுதி நேர்பாதையில் போகவில்லை. 3ஆம் வளைவிலும் 5, 6ஆம் வளைவிலும் போனது. இன்ஜினைவிட முன் டயரே முதலில் களைத்தது.

அதை என் கண்ணால் பார்த்தேன். கார் வந்து நின்றதும் குனிந்து முன் இடது டயரைப் பார்த்தோம். வெளித் தோளில் ரப்பர் உருண்டு உருண்டு, பள்ளிக்கூடத்தில் அழிப்பான் தேய்த்தால் வரும் துகள் போல ஒட்டிக்கொண்டிருந்தது. வெப்பமானியின் ஊசியைச் செருகினோம்: உள் ஓரம் 79, நடு 86, வெளி ஓரம் 98. அந்த மூன்று எண்களும் சொல்வது, சக்கரத்துக்குச் சாய்வு போதவில்லை, டயர் தோளில் நின்று ஓடுகிறது என்பது. என் காரின் நான்கு டயர்களிலும் உள்ளுக்கும் வெளிக்கும் பத்து டிகிரிக்கு மேல் வேறுபாடு இல்லை. மைத்துனர் நீண்ட நேரம் அந்த டயர் மேல் கையை வைக்காமல், அதன் அருகே உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

ஆகவே என் தீர்ப்பு இது. ஒரு சுற்றில் டைப் ஆர் வேகமான கார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நேர்பாதையில் மட்டுமில்லாமல் வேகமான வளைவிலும்தான். இருபது நிமிடம் இடைவிடாமல் ஓட்டி, வளைவுக்கு வளைவு தன் தவறைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ள நினைப்பவருக்கு ஜிஆர்86 மேல். டயரும் பிரேக் பேடும் அதில் மெதுவாகவே கரைகின்றன. செலவையும் ஒப்பிட விரும்பினால் நாள் தொடங்கும்போதும் முடியும்போதும் டயர்க் குழியின் ஆழத்தையும் பேடின் தடிமனையும் அளந்து, தேய்ந்ததை விலையால் பெருக்குங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கணக்கைப் பார்த்தபின் மைத்துனர் முன் சக்கரங்களின் சாய்வைக் கூட்டிவிட்டார். அடுத்த ஒப்பீட்டில் எங்கள் 6.1 நிலைக்காது என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் ஒரு சுற்றை மெதுவாக, பிரேக்கைத் தொடாமல் ஓட்டி வாருங்கள். நிறுத்தியபின் கைப்பிரேக்கை இழுக்காதீர்கள். சூடான தட்டில் பேட் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். தலைக்கவசத்தைக் கழற்றும் முன்பே டயர் அழுத்தத்தையும் வெப்பத்தையும் குறித்துவிடுங்கள். முதலில் முன் இடது டயர்.